மூன்றில் விழுந்த கைத்தட்டு

கிளியோஃபஸ் டிப்ஸ் செத்ததற்கு அவர் மனைவி ஒஸெல்லா அழவில்லை. டெட்ராய்ட் மேற்குப் பக்கத்து கலிலேயா பாப்டிஸ்ட் சர்ச்சில் இதைக் கவனிக்காதவர்கள் கிடையாது. அடக்க ஆராதனையன்று முன்வரிசையில் உட்கார்ந்து, சவப்பெட்டிக் கடைக்காரர்கள் விளம்பரத்துக்காகக் கொடுத்த அட்டை விசிறியால் விசிறிக்கொண்டே இருந்தாள். பாஸ்டர் பேசும்போதும் விசிறினாள், பாடகர் குழு எழுந்து பாடும்போதும் விசிறினாள், பெட்டியை மூடும்போதும் அதே வேகத்தில் விசிறினாள். பிப்ரவரி மாதம், வெளியே முழங்கால் அளவு பனி. விசிற வேண்டிய அவசியமே இல்லை.

பிறகு கீழ்த்தளக் கூடத்தில் சாப்பாடு. வறுத்த கோழி, மாக்கரோனி, கீரை, சோளரொட்டி எல்லாம் தட்டில் வாங்கி, ஒன்றையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

"சிஸ்டர் டிப்ஸுக்கு என்ன மனத்தைரியம் பாரேன்" என்றாள் ஒருத்தி.

"கர்த்தர் குடுத்த பெலன்" என்றாள் இன்னொருத்தி.

தைரியமும் இல்லை, பெலனும் இல்லை. மரத்துப் போயிருந்தது, அவ்வளவுதான். சர்க்கரை வியாதியில் அவளுக்கு விரல்நுனிகள் மரத்துப்போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. சூடான வாணலியைத் துணியில்லாமல் பிடிப்பாள், கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். இப்போது அந்த மரமரப்பு உள்ளேயும் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு மாத்திரை எழுதித் தருவார்கள்.

கடைசி நாளன்று ஆஸ்பத்திரியில் கிளியோஃபஸ் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கால் சில்லுனு இருக்கு ஒஸெல்லா. அந்தக் கம்பளி சாக்ஸை எடுத்துட்டு வாயேன்." வீட்டுக்குப் போனாள். ஒரு சாக்ஸ் அலமாரியில் இருந்தது, மற்றது துணி உலர்த்தும் மெஷினுக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. தேடி எடுத்து, பனியில் காரைத் துடைத்துக் கிளப்பி, திரும்பி வருவதற்குள் அறை வாசலில் நர்ஸ் நின்றிருந்தாள். ஒஸெல்லா உள்ளே போய், "வந்துட்டேன்" என்றாள். அவர் பதில் சொல்லவில்லை. போர்வையை விலக்கி இரண்டு கால்களுக்கும் சாக்ஸை மாட்டிவிட்டாள். நர்ஸ் தடுக்கவில்லை, நல்ல பெண்.

எதற்கும் லேட்டாக வருவது ஒஸெல்லாவின் பிறவிக் குணம். பிறந்ததே எதிர்பார்த்ததற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் என்று அவள் அம்மா அலபாமாவில் சொல்லிச் சிரிப்பதுண்டு. குடும்பம் பருத்திக்காட்டை விட்டு டெட்ராய்ட்டுக்கு ரயிலேறிய அன்று, செருப்புப் பெட்டியில் வழிச்சாப்பாட்டுக்குக் கட்டிய வறுத்த கோழியோடு எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு, நகரும் ரயிலில் அவளை அள்ளித் தூக்கிப் போட்டார் அவள் அப்பா. பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்த முப்பது சொச்சம் வருஷத்திலும் கடைசியாகக் கோட்டைக் கழற்றி மாட்டுகிறவள் அவள்தான். யாராவது திட்டினால் ஒரே பதில்: "வந்துட்டேன்ல?" அதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

இப்படிப்பட்டவளுக்கு ஊரில் யாருக்கும் கிடைக்காத ஒரு வேலை கிடைத்ததே இந்தக் குணத்தால்தான். உலகத்தில் பாதிப் பேருக்கு ஒஸெல்லாவின் கை தெரியும். ஆளைத் தெரியாது, பெயரைத் தெரியாது, கையை மட்டும் காதால் தெரியும்.

அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. மேற்குப் பக்கத்தில் ஒரு முடிதிருத்தும் கடைக்குக் கீழே, நிலவறையில், லியாண்டர் புரூயிட் என்பவர் பாட்டுப் பதிவு செய்துகொண்டிருந்தார். நாலு சுவரிலும் முட்டை அட்டையை ஒட்டி வைத்த ஓர் அறை, அதுதான் கம்பெனி. அந்தக் காலத்தில் தெருவுக்குத் தெரு இப்படி ஒன்று இருந்தது. தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் கை கழுவிவிட்டு கிட்டார் எடுப்பார்கள், பாடுகிறவன் பகலில் பார்சல் தூக்குகிறவனாக இருப்பான். கை தட்ட மட்டும் புரூயிட்டுக்கு சர்ச் பெண்கள்தான் வேண்டும். கலிலேயாவிலிருந்து மூன்று பேரைப் பிடித்தார்: வெர்னிட்டா, டால்ஃபின், ஒஸெல்லா.

பாஸ்டருக்கு இது பிடிக்கவில்லை. உலகப் பாட்டுக்குக் கை தட்டுகிறவர்கள் சபையில் இருக்கலாமா என்று பிரசங்க மேடையிலிருந்தே கேட்டார். கேட்டுக்கொண்டே அவரும் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார் என்பது வெர்னிட்டாவின் சாட்சி. ஞாயிற்றுக்கிழமை கர்த்தருக்குத் தட்டிய கையைத்தான் திங்கட்கிழமை நிலவறையில் தட்டினார்கள். வேறு கை எங்கே போய் வாங்குவது?

அந்த மூன்று பேருக்கும் வேலை பிரிக்கப்பட்டிருந்தது. வெர்னிட்டா உள்ளங்கையை விரித்துத் தாளத்தில் நேராக அடிப்பாள். டால்ஃபின் கையைக் குழித்துக் கனமாக அடிப்பாள். ஒஸெல்லா லேட்டாக அடிப்பாள். மயிரிழை லேட். முதல் நாள் அவள் பயந்துபோய் நேராகத் தட்டப் பார்த்தபோது புரூயிட் பாட்டையே நிறுத்திவிட்டார்.

"நீ ஒழுங்கா வராத தாயி. ஒழுங்கா வந்தா மூணு பொண்ணுங்க தட்டற மாதிரி இருக்கு. நீ லேட்டா வந்தாத்தான் முழு சர்ச்சும் எழுந்து நின்னு தட்டற மாதிரி இருக்கு."

"லேட்டா வரச் சொல்லி இவளுக்குச் சொல்லணுமா?" என்றாள் வெர்னிட்டா.

இப்போது கிளியோஃபஸுக்கு வருவோம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினால் அந்தக் கறுப்பின ஜனங்களுக்குக் கை விழும் இடம் இரண்டும் நான்கும். இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை. இடுப்பில் இருக்கிற குழந்தைக்கே தெரியும். ஒன்றிலும் மூன்றிலும் தட்டுகிறவன் வெள்ளைக்காரனாக இருந்தால் சிரித்துவிட்டு விடுவார்கள். நம்மவனாக இருந்தால், 'ஐயோ பாவம், யார் பெற்ற பிள்ளையோ' என்று பார்ப்பார்கள். கிளியோஃபஸ் டிப்ஸ் ஒன்றிலும் மூன்றிலும் தட்டுவார். கார்த் தொழிற்சாலையில் ஓடுகிற பட்டைக்கு முன்னால் நின்று நொடி தவறாமல் கதவு மாட்டுகிற மனிதர், சர்ச்சில் பாட்டு தொடங்கினால் தடம் புரண்டுவிடுவார். அவர் உட்கார்ந்த பெஞ்சில் இருந்தவர்கள் தாளம் தப்பிவிடும் என்று மெல்ல நகர்ந்து உட்காருவார்கள். அப்படிக் காலியான இடத்தில்தான், லேட்டாக வந்த ஒஸெல்லாவுக்கு உட்கார இடம் கிடைத்தது. அவர்கள் கதை தொடங்கியது அப்படித்தான்.

அறுபத்தாறாம் வருஷக் கோடையில், டெல்மர் ஹாக்ஸ் என்கிற பையன் 'தாழ்ப்பாள் போடாதே' என்ற பாட்டைப் பாடினான். அன்று பார்த்து வெர்னிட்டாவுக்குப் பொன்னுக்குவீங்கி. கன்னம் இரண்டும் உப்பிப்போய் வீட்டில் கிடந்தாள். மூன்று பேர் இல்லாமல் புரூயிட்டுக்கு ஆகாது. ஒஸெல்லாவைக் கூட்டிப்போக வந்த கிளியோஃபஸ் வெளியே காரில் உட்கார்ந்திருந்தார். "யாரா இருந்தா என்ன, ரெண்டு கை இருக்குல்ல" என்று அவரை உள்ளே இழுத்து வந்தார் புரூயிட்.

"சார், வேண்டாம் சார், எனக்கு வராது" என்று கெஞ்சினார் கிளியோஃபஸ்.

"சர்ச்சுக்குப் போறவன்தானே நீ?"

"போறேன். அதனாலதான் சொல்றேன்."

ஒஸெல்லா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தான் கை ஓங்கும்போது அவரும் ஓங்க வேண்டும், பாட்டைக் கேட்கவே கூடாது, தன்னை மட்டும் பார்க்க வேண்டும் என்றாள். அவரும் அப்படியே பார்த்துக்கொண்டு கிட்டத்தட்டப் பாதிப் பாட்டைக் கடந்துவிட்டார். பாட்டின் நடுவில் ஓர் இடத்தில் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். நாலு எண்ணிக்கை மௌனம். பிறகு டெல்மர் தனியாக, கெஞ்சுகிற குரலில், திரும்ப வருவான். அந்த மௌனத்தில் ஒஸெல்லா கையைத் தாழ்த்திவிட்டாள். கிளியோஃபஸுக்கு அது தெரியவில்லை. அவர் அவள் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு போயிற்று. மூன்றில், அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்த அந்த அறையில், 'டப்' என்று தனியாக ஒரு தட்டு.

டெல்மர் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தவன், நிறுத்தவில்லை. பாட்டு முடிந்தது. இன்னொரு தடவை பாடச் சொன்னபோது அவனுக்குக் குரல் எழும்பவில்லை. "அப்படியே இருக்கட்டும்" என்றார் புரூயிட். "யாருக்குத் தெரியப்போகுது."

கிளியோஃபஸ் போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டார். ஒஸெல்லா கோட்டைத் தேடி, டால்ஃபினிடம் பேசி, மெதுவாக வந்து கதவைத் திறந்தபோது தலையை ஸ்டீரிங்கில் வைத்திருந்தார்.

"உன் பாட்டைக் கெடுத்துட்டேன்."

"ஒரு தட்டுதானே."

"தப்பான இடத்துல."

"தப்பான இடத்துலதான். அதுக்கு இப்ப என்ன? நகரு, நான் உக்காரணும்."

அந்தப் பாட்டு இலையுதிர் காலத்துக்குள் ரேடியோவைப் பிடித்துக்கொண்டது. முதலில் டெட்ராய்ட், பிறகு சிகாகோ, பிறகு எல்லா ஊரும். கடல் தாண்டிப் போயிற்று. இங்கிலாந்தில் நாலு வெள்ளைக்காரப் பையன்கள் அதைத் தங்கள் பாட்டு மாதிரிப் பாடினார்கள். கப்பற்படையில் இருந்த வெர்னிட்டாவின் தம்பி ஒக்கினாவா மதுக்கடையில் கேட்டேன் என்று எழுதினான். பல வருஷம் கழித்து நியூயார்க் பையன்கள் அந்த நாலு எண்ணிக்கை மௌனத்தையும் அதில் விழுந்த தட்டையும் மட்டும் வெட்டி எடுத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன்மேல் வேகவேகமாகப் பேசினார்கள். ஷூ விளம்பரத்தில் வந்தது. கல்யாண வீடுகளில் வந்தது. கை தட்டியவர்களின் பெயரை எந்த இசைத்தட்டு உறையிலும் யாரும் அச்சடிக்கவில்லை. அதை ஒரு குறையாகச் சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

கிளியோஃபஸ் அதற்குப் பிறகு எங்கேயும் கை தட்டவில்லை. டீக்கன் என்ற சபைப் பொறுப்புக்கு வந்த பிறகும், கடைசி வரை சர்ச்சில் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆனால் அந்தப் பாட்டு காதில் விழுந்தால் போதும், மனிதர் மாறிவிடுவார். சூப்பர்மார்க்கெட்டில் தள்ளுவண்டியை நடுவழியில் நிறுத்திவிட்டு ஒரு விரலைத் தூக்குவார். பின்னால் வருகிறவர்கள் முணுமுணுத்தாலும் நகரமாட்டார். மௌனம் வரும். 'டப்.' "அதோ, நான்" என்பார். பிறகுதான் வண்டி நகரும். வருஷக்கணக்காக இதே கூத்து. "உன்னால எனக்கு ஐஸ்கிரீம் உருகுது" என்று ஒஸெல்லா திட்டுவாள்.

ஆனால் நடனம் என்றால், கல்யாண வீடானாலும் சரி, ஒஸெல்லாவையும் இழுத்துக்கொண்டு ஓடிவிடுவார். ஒவ்வொரு ஜூலையிலும் டிப்ஸ் குடும்பம் ஆற்று நடுவே இருக்கும் பெல் தீவில் கூடும். சாப்பாடு முடிந்து பாட்டு போடத் தொடங்கினால், யாராவது கையைப் பிடித்து இழுத்துவிடுவார்கள் என்ற பயத்தில், "எனக்குத் தூக்கம் வருது" என்று ஒஸெல்லாவையும் கிளப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அவளை லேட்டாக விடமாட்டார்.

அவர் போன பிறகு, மார்ச்சில், அதே சூப்பர்மார்க்கெட்டில் அந்தப் பாட்டு வந்தது. ஒஸெல்லா சர்க்கரைவள்ளிக் கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தாள். மௌனம் வந்தது, தட்டு விழுந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு கிழங்கில் சொத்தை இருந்தது, அதைத் திருப்பிப் போட்டுவிட்டு வேறு எடுத்தாள்.

ஏப்ரலில் அவருடைய சட்டைகளை சர்ச் தர்ம அலமாரிக்குக் கொடுக்க மடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பிரெஸ்டன் என்று ஒரு பையன், பழைய பாட்டுகளைச் சுத்தம் செய்து திரும்ப வெளியிடும் ஒரு கம்பெனியிலிருந்து. மிகவும் மரியாதையான பையன்.

"மேடம், 'தாழ்ப்பாள் போடாதே' பதிவு பண்ணப்ப அந்த ரூம்ல இருந்தவங்கள்ல இப்ப உங்களைத்தான் கண்டுபிடிக்க முடிஞ்சுது. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நடுவுல ஒரு பிரேக் வருது பாருங்க, அதுல தனியா ஒரு தட்டு இருக்கு. அது வேணும்னே போட்டதா? இல்ல தவறி விழுந்ததா?"

"தவறி விழுந்ததுதான்" என்றாள் ஒஸெல்லா, ஒரு சட்டையின் கையை மடித்துக்கொண்டே.

"அப்படித்தான் நாங்களும் நினைச்சோம். அந்தக் காலத்துல எடுக்க வழி இல்ல. இப்ப சுத்தமா எடுத்துடலாம். எடுத்துடட்டுமா மேடம்? உங்களுக்கு ஆட்சேபணை இல்லியே?"

"தப்பை எடுக்கறதுக்கு என்ன ஆட்சேபணை? எடுத்துடுங்க."

அவன் நன்றி சொன்னான். அவள் போனை வைத்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள்.

இரண்டு வாரம் கழித்து, வெர்னிட்டா முழங்கால் வலியோடு படியேறி வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னாள். வெர்னிட்டா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"என்ன எடுக்கச் சொன்ன?"

"அந்தத் தட்டைத்தான். தப்புன்னு கேட்டான். தப்புதானேன்னு சொன்னேன்."

"அடிப்பாவி! அது கிளியோஃபஸ்டி!"

"கிளியோஃபஸ்தான். தப்பாத் தட்டினார்ல?"

"சட்டையைக் குடுத்த, வாயை மூடிக்கிட்டு இருந்தேன். தொப்பியைக் குடுத்த, அதுக்கும் ஒண்ணும் சொல்லல. பிள்ளையா குட்டியா, என்னடி இருக்கு அந்த மனுஷனுக்கு? குரலு எங்கேயாவது இருக்கா? ஒரு கேசட் இருக்கா? இந்த உலகத்துல அவர் போட்ட சத்தம் அது ஒண்ணுதான்டி. அதையும் தூக்கிக் குடுத்துட்டியே!"

ஒஸெல்லா காப்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெர்னிட்டா சொல்வது சரி என்று தெரிந்தது. பக்கத்து வீட்டில் நடக்கிற சண்டையைச் சுவர் வழியாகக் கேட்கிற மாதிரி தெரிந்தது. "சரி, போன் பண்றேன்" என்றாள்.

பண்ணினாள். பிரெஸ்டன் அவளை மறக்கவில்லை.

"தம்பி, அந்தத் தட்டு. அதை எடுக்காதீங்க. அது என் வீட்டுக்காரர்."

"மேடம்... முந்தாநாளே வெளிய விட்டுட்டாங்க. ரேடியோ, கடை, போன் எல்லாத்துலயும் இனிமே இதுதான் ஓடும். நான் வேணா மேல பேசிப் பாக்கறேன். ஆனா பொய் சொல்ல மாட்டேன் மேடம், திரும்ப மாத்துவாங்கன்னு எனக்குத் தோணல. ரொம்ப மன்னிச்சுடுங்க."

"பரவாயில்ல. நீ கேட்டுட்டுத்தானே செஞ்ச. நான்தான் லேட்."

போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் நின்றாள். இப்போதாவது வலிக்கும் என்று எதிர்பார்த்தாள். வலிக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. நாற்பத்தெட்டு வருஷம் ஒருத்தரோடு இருந்துவிட்டு, அவர் விட்டுப்போன ஒரே சத்தத்தையும் தன் வாயால் அழிக்கச் சொல்லிவிட்டு, அதற்கும் ஒன்றும் ஆகாமல் நிற்கிறோமே, நாம் என்ன ஜென்மம் என்று நினைத்தாள். அன்றிலிருந்து ரேடியோவைப் போடவில்லை. சூப்பர்மார்க்கெட்டில் பாட்டு தொடங்குகிற மாதிரி இருந்தால், வண்டியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து நின்றாள். அந்த மௌனத்தில் ஒன்றுமே இல்லாமல் இருப்பதைக் கேட்டுவிட்டால், கேட்டும் ஒன்றும் ஆகாவிட்டால், அதற்கப்புறம் தனக்கு மிச்சம் எதுவுமில்லை என்று அவளுக்குப் பட்டது.

ஜூலை வந்தது. பெல் தீவுக்கு வரமாட்டேன் என்றாள். வெர்னிட்டா டிப்ஸ் குடும்பமே கிடையாது, ஆனாலும் காலையில் சூரியத் தொப்பியோடு வந்து நின்றுவிட்டாள்.

"கிளம்பு. அவர் ஜனங்க உன்னை எதிர்பார்ப்பாங்க."

"சாப்பிட்டுட்டு வந்துடலாம்."

"அதெல்லாம் நடக்காது. இந்த வருஷம் உன்னைத் தூக்கம் வருதுன்னு இழுத்துட்டுப் போக ஆள் இல்ல. சாயங்காலம் வரைக்கும் இருக்கோம்."

அந்த வருஷத்துச் சட்டை ஊதா நிறம். முன்னால் ஒரு மரமும் குடும்பப் பெயரும். முதுகில், வழக்கம்போல, அந்த வருஷம் போனவர்களின் படம். இந்த வருஷம் போனது கிளியோஃபஸ் ஒருவர்தான். அதனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் போய்க்கொண்டிருந்தார். அடுப்பருகே குனிந்திருந்தார், ஐஸ்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார், ஒரு குழந்தையின் முதுகில் ஏறி ஆற்றங்கரைப் பக்கம் ஓடினார். ஒஸெல்லா நிழலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உருளைக்கிழங்கு சாலட் யார் செஞ்சது?" என்று ஒருவர் சந்தேகத்தோடு கேட்டார். டிப்ஸ் குடும்பத்தில் இதைக் கேட்காமல் யாரும் கரண்டியைத் தொடுவதில்லை.

"டெனிஸ் செஞ்சது."

"எந்த டெனிஸ்? சாலட்ல போய்க் காஞ்ச திராட்சையைப் போட்டாளே, அவளா?"

"அவ இல்ல, அவளுக்கு இந்த வருஷம் பேப்பர் தட்டு வாங்கற வேலைதான் குடுத்திருக்கோம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒஸெல்லாவும் வாயை விரித்தாள். விலா எலும்பு இறைச்சி, பீன்ஸ், பீச் பழப் பலகாரம் என்று தட்டு வந்தது. சாப்பிட்டாள். ருசி எப்படி என்று கேட்டார்கள், நன்றாக இருக்கிறது என்றாள்.

சாப்பாடு முடிந்ததும் பாட்டு போடுகிறவன் ஒலிபெருக்கிகளை அடுக்கினான். கிளியோஃபஸின் தங்கை மகன் டெமாரியோ, நாற்பது வயது, பஸ் ஓட்டுகிறவன். இரண்டு பக்கத்துக் கூடாரங்களிலும் வேறு குடும்பங்கள், ஒன்று மஞ்சள் சட்டை, ஒன்று பச்சைச் சட்டை. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இவன் பாட்டு. நாலைந்து பாட்டு ஓடியது. பிறகு மைக்கை எடுத்தான்.

"அடுத்தது எங்க ஒஸெல்லா அத்தைக்கு! இதுல கை தட்டறதே அவங்கதான், தெரியும்ல? புதுசா, பளிச்சுன்னு சுத்தம் பண்ணி வந்திருக்கு அத்தை, கேளுங்க!"

ஒஸெல்லா வெர்னிட்டாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "நிறுத்தச் சொல்லு."

"இரு."

"அதுல அவர் இல்லடி. எனக்குக் கேக்க வேண்டாம். நிறுத்தச் சொல்லு."

"இருடின்னா."

வெர்னிட்டா அசைகிற வழியாக இல்லை. ஒஸெல்லா தானே எழுந்தாள். மடியிலிருந்த தட்டை வைக்க இடம் தேடி, கைப்பையை எடுத்து, புல்லில் நாலடி வைப்பதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது. ஜனங்கள் கூவிக்கொண்டு எழுந்து ஆடுவதற்கு வரிசை கட்டிவிட்டார்கள். டெமாரியோ அந்த வரிசைகளுக்கு அப்பால் இருந்தான். ஐந்து வரிசை, பத்து வரிசை, மஞ்சள் சட்டைக்காரர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பக்கவாட்டில் அடி வைத்து, ஒரே நேரத்தில் திரும்பினார்கள். அவள் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

பதிவு உண்மையிலேயே பளிச்சென்று இருந்தது. இரண்டிலும் நான்கிலும் கை விழுந்தது. டால்ஃபினின் குழித்த கை, அவள் செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது, கனமாக விழுந்தது. அதற்கு மயிரிழை பின்னால் தன் கை. டெல்மரின் குரல் ஏறியது. ஒஸெல்லாவுக்கு எண்ணத் தேவையில்லை, அந்த இடம் வருவது முதுகெலும்புக்கே தெரியும். கண்ணை மூடிக்கொண்டாள்.

எல்லா வாத்தியமும் நின்றது.

ஒன்று. இரண்டு.

'டப்!'

அந்த மைதானம் முழுவதும் தட்டியது. அவள் கண்ணைத் திறந்தாள். ஒலிபெருக்கியில் ஒன்றும் இல்லை, அங்கே வெறும் மௌனம்தான். தட்டியது ஜனங்கள். ஊதாச் சட்டைக்காரர்கள் எல்லோரும் கையைத் தலைக்கு மேல் சேர்த்தபடி நின்றிருந்தார்கள். மஞ்சள் சட்டைக்காரர்களும் அப்படியே. அந்தப் பக்கத்துப் பச்சைச் சட்டைக் கூடாரத்தில், அடுப்பைக் கவனித்துக்கொண்டிருந்த யாரோ ஒரு கிழவர் இடுக்கியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டியிருந்தார். இடுப்பில் குழந்தை வைத்திருந்த ஒரு பெண் தன் தொடையில் தட்டியிருந்தாள், அந்தக் குழந்தையும் கையைச் சேர்த்திருந்தது. மூன்றில் தட்டுவதற்குப் பதிலாகச் செத்துப்போகலாம் என்று நினைக்கிற ஜனங்கள். கிளியோஃபஸ் டிப்ஸ் என்ற பெயரைக் கேட்டேயிராத ஜனங்கள். அத்தனை பேரும் மூன்றில் தட்டிவிட்டு, அதில் விசேஷமாக ஒன்றுமே இல்லாத மாதிரி அடுத்த அடிக்குக் காலைத் தூக்கினார்கள்.

டெல்மர் திரும்பப் பாட வருவதற்கு முன்னால் இன்னும் ஒரு தட்டு கேட்டது. தனியாக, எல்லோருக்கும் பின்னால், மயிரிழை லேட்டாக.

ஒஸெல்லா குனிந்து பார்த்தாள். கைப்பை புல்லில் கிடந்தது. தன் இரண்டு உள்ளங்கைகளும் ஒட்டிக்கொண்டிருந்தன. அவை எரிந்தன. விரல்நுனி வரைக்கும் எரிந்தது. வருஷக்கணக்கில் வாணலிச் சூடு தெரியாத விரல்கள்.

வெர்னிட்டா நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். "எத்தனை வருஷமா இப்படித்தான் தட்டறாங்க தெரியுமா? எல்லா இடத்துலயும். அந்தத் தட்டு இல்லாம இந்தப் பாட்டுக்கு யாருக்கும் ஆடவே தெரியாது. இருந்து பாருங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன், அந்த மனுஷன் ஒரு தடவை இருந்தாரா?"

"தெரியாமயே போயிட்டார்" என்றாள் ஒஸெல்லா. சொல்லும்போதே குரல் உடைந்தது. முதலில் தோள் குலுங்கியது, பிறகு எல்லாம் சேர்ந்து வந்தது, ஆஸ்பத்திரியும், பனியும், அந்தச் சாக்ஸும். நடனக்காரர்கள் அவளை இடிக்காமல் விலகி ஆடினார்கள். கிளியோஃபஸின் முகம் முதுகுகளில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்துகொண்டிருந்தது. வாய்விட்டு, ஊர் கேட்க, பிப்ரவரியில் அழ வேண்டிய அழுகையை ஜூலை வெயிலில் நின்று அழுதாள்.

வெர்னிட்டா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "அஞ்சு மாசம்டி" என்றாள், அவளுக்கும் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. "இதுக்குக்கூடவா லேட்டு?"

ஒஸெல்லா எதிரே நகர்ந்துகொண்டிருந்த ஓர் ஊதா முதுகைப் பார்த்தாள்.

"வந்துட்டேன்ல?" என்றாள்.